நீலக்கல்லுக்கு அடியில்

— கல்லு மட்டம்னு யாரும்மா சொன்னது? நல்ல நீலம். பட்டை தீட்டியிருக்கிறதும் கச்சிதம். மேல விழுற வெளிச்சம் அடிப்பட்டையில மோதித் திரும்பணும். திரும்பலை, அவ்வளவுதான்.

— அப்போ ஏண்ணே இப்படிச் செத்துக் கிடக்கு? வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம். அத்தான் இதைத்தான் எனக்குப் போடணும்கிறார்.

— அத்தானா மாப்பிள்ளை?

— அக்காவோட வீட்டுக்காரர். இது அக்கா போட்டிருந்த மோதிரம். ஏரிக்குக் குளிக்கப் போன அக்கா திரும்பி வரலை. கைக்குழந்தை இருக்கு. வீட்ல எல்லாரும் சொன்னாங்க, நானும் தலையாட்டிட்டேன்.

— சரிம்மா, கண்ணைத் துடை. கல்லைக் கழட்டியாச்சு. அடியில அழுக்குதான் இருக்கும், சோப்பு, கிரீம், மாவு. பொம்பளைங்க மோதிரத்துல நான் பாக்காத அழுக்கா...

— என்னண்ணே, எதைச் சுரண்டி எடுக்கிறீங்க?

— இது சோப்பு இல்லம்மா. விரல்ல தேச்சுப் பாரு.

— நறநறங்குது.

— சேறு. பாசி இழைகூட ஒட்டியிருக்கு. உங்க அக்கா இதைப் போட்டுக்கிட்டுத்தான் தண்ணியில இறங்கியிருக்கு.

— இல்லண்ணே. மேசையில கழட்டி வச்சிட்டுப் போனான்னு அத்தான் சொன்னாரே. கரைக்குத் தூக்கினப்போ அவ விரல்ல மோதிரம் இல்ல. நான் பாத்தேன்.

— அப்போ யாரோ கழட்டியிருக்கணும்.

— அப்படிச் சொல்லாதீங்க. அதுக்கு முன்னாடி என்னைக்காவது இதோட ஏரியில இறங்கியிருப்பா. இல்லண்ணே? இருக்கும்னு சொல்லுங்க.

— இருக்கலாம்மா. சேறு எந்த நாள் சேறுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவர் எங்க?

— வாசல்ல, கார்ல போன் பேசிக்கிட்டு. அண்ணே... இறங்கிட்டார்.

— முகத்தைத் துடை. அந்தச் சேத்தைத் துணியால மூடு. நீ எதுவும் பேசாத. வாங்க சார், உக்காருங்க.

— என்ன பாஸ், கல்லு முழிச்சுக்கிச்சா? இவ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறா?

— ஒண்ணுமில்ல சார், உள்ள புழுக்கம். கடைசியா எப்போ இதைக் கழுவினீங்க?

— அந்த வயித்தெரிச்சலைக் கேளுங்க. இவ அக்கா போன அன்னைக்குக் காலையிலதான் கடையில கல்லைக் கழட்டிச் சுத்தமா கழுவி வாங்கிட்டு வந்தேன். அவ மேசையில வச்சிட்டுப் போனா, நான் எடுத்துப் பீரோவுல பூட்டினேன். பூட்டின பீரோவுல கல்லு எப்படி மங்கும், நீங்களே சொல்லுங்க.