முக்கோணத்தை விடாத மாப்பிள்ளை

சத்தியமாச் சொல்றேன் தம்பி, நான் பேசுறதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தாலும் இந்த மேக்கப் ரூம் கண்ணாடியைச் சுத்தி எரியுற பல்பு அத்தனையும் என் தலையில வெடிக்கட்டும். ஐயய்யோ, நிமிராதீங்க. குனிஞ்சே இருங்க. மூக்கைப் புடிங்க, எலும்புக்குக் கீழ, ஆங், அப்படித்தான். நிமிந்தா ரத்தம் தொண்டைக்குள்ள எறங்கிடும். துப்பணுமா? இந்த டப்பாவுல துப்புங்க. மேக்கப்காரரோடதுதான், பரவால்ல. அவரு யாரு சண்டைக்கும் போகாத மனுஷன்.

ஸ்டேஷனுக்குத் தாராளமாப் போங்க. நான் தடுக்கவே இல்ல. கதவு தெறந்துதான் கெடக்கு, பாருங்க. ரத்தம் நிக்கட்டும்னுதான் சொல்றேன். என்னது, ரத்தத்தோட போனாத்தான் புகார் நிக்குமா? அது சரி. ஆனா உங்க சட்டையில இருக்கறதுல பாதிதான் உங்க ரத்தம். நீங்க விழுந்தது மேக்கப்காரர் சண்டைக் காட்சிக்குக் கலக்கி வச்சிருந்த பொய் ரத்தப் பாட்டில் மேல. சர்க்கரைப் பாகு. இன்ஸ்பெக்டர் விரலால தொட்டு நாக்குல வச்சாருன்னா இனிக்கும். அப்புறம் உங்க பொழப்பு சிரிப்பாச் சிரிச்சுடும்.

நான் யாரா? நான் கேமரா வண்டி ஓட்டுறவன். அது மட்டும் இல்ல, மறைக்கறதுக்கு என்ன இருக்கு, உங்க மூக்குல குத்துன கேமராமேன் என் மாப்பிள்ளை. என் ஒரே பொண்ணைக் கட்டுனவரு. அதனால நான் அவரு பக்கம் பேசுவேன்னு நெனக்காதீங்க. குத்து தப்புதான். நல்ல குத்து, ஆனா தப்பு. நீங்க புகார் எழுதிக் குடுத்தீங்கன்னா புரொடியூசர் சாயங்காலத்துக்குள்ள அவரைப் படத்துலேருந்து தூக்கிடுவாரு. ஒரு சாக்குக்காகத்தான் அவரும் காத்துக்கிட்டிருக்காரு. இந்தப் படம் போச்சுன்னா மாப்பிள்ளையை இனிமே யாரும் கூப்பிடமாட்டாங்க. அந்தப் பழைய முக்கோண மார்க்குக் கேமராவைத் தவிர வேற எதையும் கையால தொடமாட்டேன்கிற ஆளை எவன் தம்பி கூப்பிடுவான்? அவ்வளவுதான் விஷயம். இனிமே உங்க இஷ்டம்.

நீங்க இந்தக் கம்பெனிக்குப் புதுசு போல. கழுத்துல தொங்கற வட்ட மார்க்கு அட்டை இன்னும் பளபளன்னு இருக்கு. வட்டக் கம்பெனிக்காரங்க எங்க செட்டுக்குள்ள வர்றதுன்னா முன்னாடியெல்லாம் ரெண்டு ஆளைத் துணைக்குக் கூட்டிக்கிட்டுத்தான் வருவாங்க. உங்களை ஒத்தையில அனுப்பிருக்காங்க. ஒண்ணு உங்க மேல ரொம்ப நம்பிக்கை, இல்லன்னா ரொம்பக் கோபம்.

சங்கத்துல நடந்தது கேள்விப்பட்டதில்லையா? கேமராமேன் சங்கக் கட்டடத்துக்குப் புதுசா வாசல் வச்சாங்க. வாசலுக்கு மேல ஒரு கேமராப் படம் வரையணும். யாரு கேமரா? முக்கோணமா, வட்டமா? அவ்வளவுதான். படிச்சவங்க, பரிசு வாங்குனவங்க, வெள்ளைச் சட்டை போட்டவங்க, அத்தனை பேரும் கேமராவை நிறுத்துற ட்ரைபாட்டோட காலைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டாங்க. செயலாளர் மண்டையில பேட்டரி. பொருளாளர் வாயில லென்ஸ் மூடி. அதைப் பல்லுக்கு நடுவுலேருந்து எடுக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டியிருந்துச்சு. ஒருத்தரு காதை இன்னொருத்தரு கடிச்சுத் துப்பிட்டாரு. அது எங்க போச்சுன்னு தேடுனா, ஒரு லென்ஸ் பெட்டிக்குள்ள, பஞ்சுக்கு நடுவுல, பத்திரமாக் கெடக்கு. தூசி கூடப் படல. தைச்சுட்டாங்க. இப்ப அந்தக் காதுல அவருக்கு அடுத்த தெருவுல பேசுறது கேக்குது.

சிரிக்காதீங்க, ரத்தம் வரும். சரி, அடுத்த தெரு இல்ல, அடுத்த ரூம்னு வச்சுக்குங்க.

அந்தக் காதைக் கடிச்சது யாருன்னு கேக்கறீங்களா? கேக்காதீங்க. மாப்பிள்ளைக்கு அப்பவே பல்லு உறுதி.

இன்னொண்ணு சொல்றேன். கேமரா வாடகைக்கு விடறவரு ஒருத்தரு இருந்தாரு. தங்கமான ஆளு, குரலை ஒசத்திப் பேசமாட்டாரு. உங்க கம்பெனியில ஒரு மாடல் வாங்குவாரு. அது வந்து எறங்கறதுக்குள்ள அடுத்த மாடல் வந்துருச்சுன்னு விளம்பரம் வரும். கேமராமேனுங்க எல்லாம் அதுதான் வேணும்பாங்க. இவரு பழசைத் தள்ளிவிட்டுட்டுப் புதுசை வாங்குவாரு. பொட்டியைப் பிரிக்கிறப்பவே அடுத்தது வந்துரும். கல்யாணம் முடிஞ்சு மாலையைக் கழட்டறதுக்குள்ள பொண்டாட்டி கெழவியாயிட்டா மாதிரி இருக்குய்யான்னு என்கிட்ட அழுதாரு. ஒரு நாள் உங்களை மாதிரியே டை கட்டுன தம்பி ஒருத்தன் வந்தான். ஐயா, ஒரு சந்தோஷமான சேதி கொண்டாந்திருக்கேன்னான். அவ்வளவுதான் சொன்னான். தங்கமான ஆளு எந்திரிச்சாரு, கதவைச் சாத்தினாரு, கிரேன்ல கேமராவைக் கட்டுற பெல்ட்டை எடுத்து அந்தத் தம்பியைக் கட்டினாரு, மேல ஏத்தினாரு. ஏத்திட்டு, அலமாரியில இருந்த கேமராவையெல்லாம் ஒவ்வொண்ணாத் தரையில போட்டு, என் வண்டியை வாங்கி, அது மேல முன்னாடியும் பின்னாடியும் ஓட்டினாரு. அந்தத் தம்பி மேலேருந்து, ஐயா அந்தக் கடைசி மாடலுக்கு இன்னும் உத்தரவாதம் இருக்குன்னு கத்தறான். கம்பெனி விசுவாசம்னா அதுதான்.

என் வண்டி டயர்ல ஒரு கண்ணாடித் துண்டு இன்னும் மாட்டிக்கிட்டிருக்கு. வேணும்னா எறங்கி வந்து பாருங்க. வேண்டாமா? சரி.

மாப்பிள்ளை கதைக்கு வரேன். அவரோட முக்கோணத்தை முக்கோணக் கம்பெனிக்காரங்களே கைகழுவிட்டாங்க தம்பி. இனிமே இதுக்கு பேட்டரி கெடையாது, கார்டு கெடையாது, ரிப்பேரும் கெடையாதுன்னுட்டாங்க. புதுசு வாங்கிக்கங்கன்னாங்க. மாப்பிள்ளை புதுசைப் போய்ப் பாத்தாரு. அவங்க கண்ணாடிக் கதவு போட்ட ஆபீசுக்குள்ள போனவரு, கதவு வழியா வெளிய வரல, கண்ணாடி வழியா வந்தாரு. அதாவது, அவங்க மேனேஜர் முதல்ல வந்தாரு, பின்னாடியே இவரு. அப்ப முக்கோணக் கம்பெனி மேலயே கை வச்சுட்டாரா? வச்சாரே. அப்புறம் என்ன விசுவாசம்ங்கறீங்களா? நல்ல கேள்விதான். மேல கேளுங்க.

செத்துப்போன முக்கோணம் எங்க கெடந்தாலும் போயி அதோட உறுப்பைப் பிடுங்கிட்டு வருவாரு. பழைய சாமான் கடையில ஒரு சர்க்யூட் போர்டுக்காகக் கடைக்காரரோட கட்டிப் புரண்டு ரெண்டு பேரும் வொயர் சுருள்ல மாட்டிக்கிட்டாங்க. வெட்டித்தான் எடுத்தாங்க. சினிமா சொல்லிக்குடுக்குற காலேஜ் அலமாரியில ஒண்ணு காட்சிக்கு வச்சிருந்தாங்க. பட்டப்பகல்ல சுவரேறிக் குதிச்சாரு. காவல் நாய் கணுக்காலைக் கவ்விருச்சு. இவரு ரெண்டு கையிலயும் கேமராவைப் புடிச்சிருக்காரு, கீழ வைக்க மனசில்ல. என்ன பண்ணுவாரு? குனிஞ்சு நாயைக் கடிச்சுட்டாரு. நாய்க்குத்தான் ஊசி போட்டாங்க. அது இப்பவும் ட்ரைபாட் தூக்கிட்டுப் போற ஆளைப் பாத்தா வாட்ச்மேன் கட்டிலுக்கடியில போயிடுதாம்.

இப்படிப்பட்ட மனுஷன்கிட்ட நீங்க இன்னைக்குக் காலையில என்ன பண்ணீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.

அவரு டீ குடிக்கப் போன நேரத்துல, யாரையும் கேக்காம, ட்ரைபாட் மேல இருந்த அவரு கேமராவைக் கழட்டிக் கீழ பெட்டியில படுக்க வச்சுட்டு, உங்க வட்டத்தை ஏத்தி நிறுத்திட்டீங்க. புரொடியூசர் சொன்னாருன்னு செஞ்சீங்க, தெரியும். ஆனா எங்க தொழில்ல ஒருத்தரு கேமராவை அவரைக் கேக்காமக் கழட்டறது, ஒருத்தரு பல்லு செட்டை அவரு தூங்கறப்ப எடுத்து மாட்டிக்கறதை விட மோசம். அதோட விட்டீங்களா? சத்தமில்லாம அவரு வலப்பக்கத்துல போயி நின்னு, தோள்ல கை போட்டு, சார் ஒரு தடவை பாருங்க சார்ன்னீங்க.

அப்புறம் நடந்ததை நீங்க பாத்திருக்க முடியாது, மொத குத்துலயே சாஞ்சுட்டீங்க. நான் சொல்றேன். உங்க வட்டத்தை ட்ரைபாட்டோட தூக்கி சுவத்துல அறைஞ்சாரு. பேட்டரி பிச்சுக்கிட்டுப் போயி மேல எரிஞ்ச விளக்குல பட்டு கண்ணாடி மழையாக் கொட்டுச்சு. தடுக்க வந்த உதவி டைரக்டர் தலையில க்ளாப் போர்டு ரெண்டாப் பொளந்துச்சு. சண்டைக் காட்சிக்கு வந்த முரட்டு ஆளுங்க பத்துப் பதினஞ்சு பேரு இருக்காங்கல்ல, அத்தனை பேரும் சுவரோரம் ஒதுங்கி நின்னுட்டாங்க. அதுல ஒருத்தன், அண்ணே, இதை இன்னொரு தடவை பண்ணுங்க, மனப்பாடம் பண்ணிக்கறேன்னான். அவனுக்கும் ஒண்ணு விழுந்துச்சு.

இப்ப எங்க இருக்காரா? வெளிய படிக்கட்டுல உக்காந்து, பழைய கேமராவைத் துணியால தொடைச்சுக்கிட்டிருக்காரு.  

அப்படி அந்த முக்கோணத்துல என்னதான் இருக்குங்கறீங்க. உங்க வட்டத்துல இருட்டுல எறும்பு போறது கூடத் தெரியும், எடை பாதி, வெலை கூடக் கொறைச்சல்தான். எல்லாம் வாஸ்தவம். மாப்பிள்ளைக்கும் தெரியும். முக்கோணத்து மேல அவருக்கு என்ன காதலா? மண்ணாங்கட்டி. வெளிய ரோட்டுல போறவன் முக்கோணத்தைத் திட்டினா இவரு திரும்பிக்கூடப் பாக்கமாட்டாரு.

கண்ணை வச்சுப் பாக்கற வியூஃபைண்டர் இருக்குல்ல, பழைய முக்கோணத்துல அதைத் தாங்கற கம்பியை இழுத்தா இன்னும் ஒரு விரல் நீளம் வெளிய வரும். கேமராவைத் தோள்ல வச்சுக்கிட்டு எடது கண்ணால பாக்கலாம். உங்களுதுல கம்பி குட்டை. புது முக்கோணத்துலயும் குட்டையாக்கிட்டாங்க. வலது கண்ணுக்குத்தான் சரியா வரும். எடது கண்ணைக் கொண்டு போனா மூக்கு கேமராவுல இடிக்கும். உங்க மேலயோ அவங்க மேலயோ தப்புன்னு சொல்லல. ஒலகத்துல எல்லாக் கேமராமேனும் வலது கண்ணாலதான பாக்கறான்.

மாப்பிள்ளைக்கு வலது கண்ணு தெரியாது.

எப்பலேருந்துன்னு எனக்கும் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமா மூடிருக்கும் போல. வீட்டுல சாப்பிடறப்ப நான் அவருக்கு வலப்பக்கம் உக்காருவேன். ஒரு நாள் விளையாட்டுக்கு அவரு முழங்கைப் பக்கத்துல இருந்த கிண்ணத்துலேருந்து ஒரு கறித்துண்டு எடுத்து வாயில போட்டுக்கிட்டேன். அவரு பாட்டுக்குச் சாப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. மாமனாருக்கு மரியாதை குடுக்கறாருன்னு நெனச்சேன். மறுநாள் இன்னொண்ணு எடுத்தேன். அதுக்கடுத்த நாள் கிண்ணத்தையே நகத்திட்டேன். அவரு கை வந்து வெறும் மேஜையைத் தடவுச்சு தம்பி. தடவிட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி, பொண்ணுகிட்ட தண்ணி கேட்டாரு. என் பொண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியாது. இன்னும் நான் துண்டு எடுக்கறதை நிறுத்தல. திடீர்னு நிறுத்துனா என்னடா இவன் திருந்திட்டான்னு வீட்டுல சந்தேகம் வந்துரும்.

மானிட்டர் திரையைப் பாத்து எடுக்கலாமேங்கறீங்களா? நின்ன எடத்துல எடுக்கலாம். சண்டையில தோள்ல தூக்கிக்கிட்டு ஆளு நடுவுல ஓடுறப்ப கண்ணு ஒட்டியிருக்கணும். அந்த ஓட்டத்துக்குத்தான் அவரைக் கூப்பிடறதே. குட்டைக் கம்பியில மூக்கு இடிக்க இடிக்க எடது கண்ணு வச்சாருன்னா, ஏன்யா எடதுன்னு ஒருத்தன் கேப்பான். கேட்டா முடிஞ்சுது. முரடன்னா கூப்பிடுவாங்க தம்பி, பைத்தியம்னாலும் கூப்பிடுவாங்க, சினிமாவுல அதுக்குப் பேரு திறமை. ஒத்தைக் கண்ணு கேமராமேன்னா பழமும் பூவும் வாங்கிக்கிட்டு வந்து பாத்துட்டுப் போயிடுவாங்க. அதான், முக்கோணக் கிறுக்கன்னு பேரு வாங்கிக்கிட்டு, எதிர்ல வந்தவன் மூக்கையெல்லாம் ஒடைச்சுக்கிட்டிருக்காரு.

ரத்தம் நின்னுடுச்சு பாருங்க. மெதுவா, மெதுவா எந்திரிங்க.

உங்க கம்பெனியில கம்பி அடிக்கறவங்க இருப்பாங்கல்ல? ஒரு விரல் நீளம் கூட வச்சு அடிக்கச் சொல்லுங்களேன். அவருக்காகன்னு சொல்லாதீங்க. எடதுகண்ணுக்காரங்களுக்குப் புது வசதின்னு ஒரு பேரு வச்சு எல்லாருக்குமே வித்துக்கங்க. உங்க முதலாளி தோள்ல தட்டிக் குடுப்பாரு. அப்புறம் நீங்களே கொண்டாந்து ஓரமா வச்சுட்டுப் போங்க, ட்ரைபாட்ல ஏத்தாதீங்க. அவராப் பாத்துக்குவாரு. ரெண்டு நாள் திட்டுவாரு. மூணாவது நாள் வட்டத்தைப் பத்தி எவனாவது தப்பாப் பேசினா அவன் பல்லைக் கழட்டுவாரு.

இப்ப ஸ்டேஷன் பக்கம் போறீங்களா, ஆபீஸ் பக்கம் போறீங்களான்னு நான் கேக்கமாட்டேன். எங்க போனாலும் அந்தப் படிக்கட்டு வழியாத்தான் போகணும். அவருக்கு எடப்பக்கமா, காலடிச் சத்தம் கேக்கற மாதிரி நடந்து போங்க. அப்புறம், கம்பி விஷயம் உங்களுக்கு எப்படித் தோணுச்சுன்னு யாராவது கேட்டா, மூக்கு ஒடைஞ்சு உக்காந்திருந்தப்பத் தானாத் தோணுச்சுன்னுடுங்க. இந்த ரூம்ல ஒரு கெழவன் இருந்தான்னு மட்டும் யார்கிட்டயும் மூச்சு விட்டுறாதீங்க, தம்பி.