மழைத்தண்ணீர்ச் சொம்பு

அன்று காலை எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நான்கு பேர் இருந்தோம். நான், தேவசகாயம், திண்டிவனத்தில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் முப்பத்திரண்டு ஆண்டு உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் தம்பி ராயப்பன்; பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவன். அவன் மனைவி சூசை மேரி. செடி வளர்க்கக் கற்றுக்கொள்ள வளவனூரிலிருந்து வந்திருந்த கிருஷ்ணவேணி டீச்சர். வேறு யாரும் இல்லை. இதை நானே எழுதித் தருகிறேன். உங்கள் ஸ்டேஷன் எழுத்தரைவிட என் கையெழுத்து தெளிவாக இருக்கும்.

அது பூச்சி தின்னும் குடுவைச் செடி. இலை நுனியில் மூடியோடு ஒரு குடுவை தொங்கும். விளிம்பின் தேனுக்கு வரும் எறும்பும் ஈயும் வழுக்கி உள்ளே விழுந்து கரைந்துபோகும். 1993-இல் எங்கள் பேராசிரியர் ஊர் மாறிப் போகும்போது ஒரே ஒரு செடியை என்னிடம் ஒப்படைத்தார். பதினெட்டு ஆண்டு அதைக் காப்பாற்றினேன். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. ஒரு வாரம் ஊற்றினால் வேர் கருகிவிடும். மழைத்தண்ணீர் மட்டுமே ஊற்றினேன். ஆண்டுதோறும் மேல்தண்டை நறுக்கி நட்டேன். எல்லாம் கறுத்து அழுகின. இந்த ஊர் வெயிலுக்கு அது துளிர்க்காது என்று சொன்னேன். படித்தவன் சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

2011 கடைசியில் வந்த தானே புயலில் முருங்கை சாய்ந்து செடி நசுங்கியது. குப்பைக்குழியில் போடச் சொன்னேன். ராயப்பன் போடவில்லை. மண்ணைக் கிளறினான். அடியில் பக்கவாட்டில் ஓடியிருந்த தண்டுகளை எடுத்து, மூன்று மூன்று கணுவாக பிளேடால் நறுக்கி, தேங்காய் நாரில் படுக்க வைத்து, பழைய பஸ் கண்ணாடியால் மூடினான். எட்டாம் வகுப்போடு நின்றவன். இரண்டு மாதத்தில் கணுக்களில் பச்சை முளை தெரிந்தது. பதினெட்டு ஆண்டில் எனக்கு மண்ணுக்குள் பார்க்கத் தோன்றவில்லை.

இரண்டே ஆண்டில் நாற்பத்தொரு தொட்டிகள் ஆயின. விழுப்புரம் மலர்க் கண்காட்சியில் அவனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். பங்குத் திருவிழாவில் ஃபாதர் வெளியூர்க்காரர்களிடம் என்னைக் காட்டி, "இவரு நம்ம ராயப்பனோட அண்ணன்" என்றார். எங்கள் வீட்டில் மூத்தவன் பெயரைச் சொல்லித்தான் மற்றவர்களைச் சொல்வார்கள். என் அப்பாவுக்கும் அப்படித்தான், அவர் அப்பாவுக்கும் அப்படித்தான். எனக்குத் தம்பிமேல் பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். சமமானவர்களுக்கு நடுவில்தான் பொறாமை வரும்.

ராயப்பனுக்கு ஒரு பழக்கம் உண்டு. டிரம்மில் பிடித்த மழைத்தண்ணீரில் போர் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, முதலில் ஒரு சொம்பு மொண்டு குடிப்பான். துப்பச் சொல்லிப் பலமுறை கண்டித்திருக்கிறேன்.

"செடி குடிக்கிறத நான் குடிச்சா இன்னாண்ணே? நல்லா இருந்தா அதுக்கு, கெட்டுப்போயிருந்தா எனக்கு" என்று சிரிப்பான்.

2013 ஐப்பசியில் அவனுக்குச் சளி பிடித்தது. ரசத்தின் வாசனைகூடத் தெரியவில்லை என்று சாப்பாட்டில் சொன்னான். மறுநாள் காலை, மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தை எடுத்தேன்.

தோட்டத்தில் டீச்சருக்குக் கணு நறுக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். நான் பித்தளைச் சொம்பை நீட்டினேன். அவன் கையை லுங்கியில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினான்.

"பாத்தீங்களா டீச்சர், எங்க அண்ணனே எனக்குத் தண்ணி மொண்டுக்கினு வர்றாரு. இன்னிக்கி மழை கொட்டப் போவுது."

"இன்னா மாமா விசேஷம்?" என்று சூசை மேரியும் சிரித்தாள்.

பாதிச் சொம்பு குடித்தான். "கசக்குதுண்ணே" என்றான். டீச்சர், "நானும் பாக்கறேனே" என்று கை நீட்டினார். நான் சொம்பை வாங்கி, தொட்டிகளுக்கு எட்டாத இடத்தில் கவிழ்த்தேன். எச்சில் பட்டதை விருந்தாளிக்குக் கொடுக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் அவன் தலை என் மடியில் இருந்தது. "அந்தத் தண்ணிய செடிக்கு ஊத்திடாதண்ணே" என்றான். ஊற்ற மாட்டேன் என்றேன். கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. அடக்கத்தன்று முதல் பிடி மண்ணை நான்தான் போட்டேன். அது மூத்தவன் போட வேண்டியது.

மாதா கோயில் தெருவில் ஒரு பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். கிழவன் செடிகளைச் சாகடிக்கத்தான் டிரம்மில் மருந்தைக் கலந்தான், பாவம், செடிக்கு ஊற்ற நீட்டிய தண்ணீரைத் தம்பி தெரியாமல் வாங்கிக் குடித்துவிட்டான் என்கிறார்களாம். சூசை மேரியும் அப்படியே நம்பிக்கொண்டு எனக்குச் சோறு அனுப்புகிறாள். அது தவறு. டிரம்மில் எதுவும் கலக்கப்படவில்லை. அன்று டீச்சர் வருவதற்கு முன்பே நாற்பத்தொரு தொட்டிகளுக்கும் நல்ல மழைத்தண்ணீரை நானே ஊற்றி முடித்திருந்தேன். ஒன்றுகூட வாடவில்லை. அவை தேவசகாயம் வீட்டுச் செடிகள்.