ஓவனில் காய்ந்த சிவப்பு

செவ்வந்தி: சிங்காரவேலண்ணே! ஜன்னலைச் சாத்துங்க... லைட்டை அணைங்க... இப்பப் பாருங்க!

சிங்காரவேலு: யம்மாடி! வெள்ளைப் பொடி இப்படிச் செக்கச்செவேல்னு எரியுது! கரண்டு குடுத்தியா?

செவ்வந்தி: இல்லண்ணே, இந்த ஊதா லாம்பு வெளிச்சம் மட்டுந்தான். நடுவுல யூரோப்பியம்னு ஒரு உலோகம். அதைச் சுத்திப் பிடிச்சிருக்கிற கரிமப் பொருள் வெளிச்சத்தை வாங்கி உள்ள குடுக்கும். உலோகம் சிவப்பா வெளிய விடும்.

சிங்காரவேலு: பாடுபடுறது சுத்தி நிக்கிறவன்... மினுக்குறது நடுவுல உக்காந்திருக்கிறவன். எங்க ஊர்ப் பழைய மிராசுதார் பண்ணை மாதிரிதான்!

செவ்வந்தி: நாலு மாசமா மங்கலாத்தானே இருந்துச்சு...

சிங்காரவேலு: ஆமா, எடை போடுற பாலன்ஸ் ரூம்ல உக்காந்து அழுதியாமே?

செவ்வந்தி: அதை யாரு உங்ககிட்ட... சரி விடுங்க. நேத்து சாயங்காலம் தூசி படாம இருக்கட்டும்னு பொடித் தட்டை அணைச்சிருந்த ஓவனுக்குள்ள வெச்சிட்டுப் போனேன். காலையில இப்படி!

சிங்காரவேலு: அப்புறம் என்ன, சந்தோஷப்படு!

செவ்வந்தி: நாளைக்குக் காலையில கைடு சார் முன்னாடி முதல்லேருந்து செஞ்சு காட்ட ஆரம்பிக்கணும். எரியலேன்னா ஆராய்ச்சியை விட்டுட்டு ஊருக்குப் போன்னுட்டார். யாரோ ஓவனைப் போட்டிருக்காங்க. எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்னு தெரிஞ்சாகணும்.

சிங்காரவேலு: பேய் கீய்...

செவ்வந்தி: பேய்க்கு நெல்லு எதுக்கு? ஓவனைத் திறந்தா நெல்லு வாசம்!

சிங்காரவேலு: தஞ்சாவூர் ஜில்லாவுல எதைத் திறந்தாலும் நெல்லு வாசந்தான்.

செவ்வந்தி: அண்ணே...

சிங்காரவேலு: இரு, ஜன்னலைத் திறந்துட்டு வர்றேன்.

செவ்வந்தி: பொடியில ஒட்டியிருந்த தண்ணிதான் வெளிச்சத்தைத் தின்னிருக்கு. நம்மூர்ல தண்ணி வந்தாத்தான் பொழப்பு, இங்க தண்ணி போனாத்தான். ராத்திரி லேப் சாவி உங்ககிட்டத்தானே இருக்கு, சொல்லுங்கண்ணே!

சிங்காரவேலு: நில உச்சவரம்புச் சட்டத்துல கெடைச்ச ஒரு மா நிலம்... முதல் அறுவடை. கொள்முதல் நிலையத்துல நெல்லு ஈரம் ஈரம்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டான். காய வெச்சு, முன்னயும் பின்னயும் எடை போட்டா நெசமா எவ்வளவு ஈரம்னு தெரிஞ்சிடுமேன்னு... ஒரு பிடி நெல்லு.

செவ்வந்தி: எத்தனை டிகிரி?

சிங்காரவேலு: நூத்திப் பத்து. சாயங்காலம் ஆறுலேருந்து விடிய விடிய. உன் தட்டைத் தொடல, சத்தியமா! சார்கிட்டச் சொல்லிடாதம்மா, வேலை போயிடும்.

செவ்வந்தி: நான் எங்கண்ணே சொல்றது... நானே யோசிச்சு எண்பது டிகிரியில காய வெச்சேன்னு காலையிலேயே அவர்கிட்ட அளந்து விட்டுட்டேனே!