கோர்ட்டில் சொல்ல வேண்டியது

— இன்னொரு தடவை சொல்லு, கருப்பம்மா. கோர்ட்டுல ஐயா கேப்பாரு: "உன் புருசன் அப்பாவுவை உதைச்சுக் கொன்னது யாரு?"

— துரை.

— அடியே! ஈப்போ டவுனு வந்தாச்சு, வண்டி இப்ப நின்னுரும். "கங்காணி சன்னாசி"ன்னு சொல்லு.

— நீங்க அவரைத் தொடக்கூட இல்லியே அண்ணே. உதைச்ச பூட்ஸு யாரு பூட்ஸுன்னு காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல வரிசையா நின்ன அத்தனை பேருக்கும் தெரியும்.

— அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கிட்டாங்கல்ல? வெள்ளைக்காரத் துரையைக் காட்டிக் குடுத்தா சாயங்காலமே உன் சட்டிபானை தோட்டத்து லயத்துக்கு வெளிய கிடக்கும். மூணு புள்ளைகளை இழுத்துக்கிட்டு எங்க போவ? என் பேரைச் சொன்னா உனக்கு ஊருக்குக் கப்பல் சீட்டு. துரையே வாக்குக் குடுத்துட்டாரு.

— உங்களுக்கு ஜெயிலு.

— முருகன் அங்கயும் இருப்பான் புள்ள. இந்தக் கையி எத்தனை முதுகைப் பிரம்பால உரிச்சிருக்கு! உன் புருசனையே மாசி மாசம் அடிச்சேன். எல்லாத்துக்கும் சேத்துப் போறேன்னு வச்சுக்க.

— அடிச்ச அன்னைக்கே மஞ்சப்பத்து அரைச்சுக் கொண்டாந்ததும் இந்தக் கைதானே? எந்தச் சன்னாசியண்ணனை நான் நம்புறது?

— ரெண்டு பேரையும் நம்பாத. டாக்டர் என்ன சொன்னாரு? குளிர்காய்ச்சல்ல மண்ணீரல் வீங்கிக் கிடந்துருக்கு, ஒரே உதையில வெடிச்சிருச்சுன்னு. அவனுக்குக் காய்ச்சலே இல்ல, வேசம் போடுறான்னு துரைகிட்ட சொன்னது நான். காலு அவரு காலு. ஏவுனது என் நாக்கு.

— வேசம்னு உங்களுக்கு யாரு சொன்னா?

— யாரும் சொல்லல. நானா நெனச்சேன்.

— முருகன் மேல சத்தியமா?

— சாமியை எதுக்குப் புள்ள இழுக்குற?

— கேக்குறேன்லண்ணே.

— வண்டி நின்னுருச்சு, எறங்கு. முதல்ல இந்த டின்னுல இருக்கிற தேத்தண்ணியைக் குடி. காலையிலருந்து பட்டினியா இருக்க.

— நீங்க பாதி குடிங்க. அப்பத்தான் நான் குடிப்பேன்.

— சரி, குடிச்சாச்சு. இப்பவாச்சும் சொல்லு. உள்ள போயி என் பேரைத்தானே சொல்லுவ?

— எப்படிண்ணே சொல்லுவேன்? அன்னைக்குப் பைப்படியில நீங்க வந்து விசாரிச்சப்ப, "காய்ச்சலுமில்ல ஒண்ணுமில்ல, கள்ளுக் கிறக்கம், வேலைக்கு இழுத்துக்கிட்டுப் போங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னவ நான்தானே?