பச்சை படராத தட்டுகள்

இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு, இத்தலார் நவநீதன் எழுதுவது.

உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரில் சர்க்கரையும் கடற்பாசித் தூளும் கலந்து ஆறவைத்தால் அதில் எதுவும் வளரும். நமக்கு வேண்டியதும் வளரும், வேண்டாததும் வளரும். வேண்டாததை வரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். வீட்டு உள்ளறையில் கண்ணாடித் தட்டுகளில் சிப்பிக்காளான் வித்து வளர்த்து விற்கிறேன். எங்கள் ஊர்க் குளிரில் வித்துக்குச் சூடு வேண்டும். அதனால் அந்த அறையில் மட்டும் ஹீட்டர் உண்டு.

கார்த்திகையிலிருந்து தட்டுகளில் பச்சைப் பூஞ்சை படர்ந்தது. நான் டெட்டால் போட்டுக் குளித்து, துவைத்த சட்டை மாற்றி, கைக்கு ஸ்பிரிட் தடவி, ஸ்பிரிட் விளக்கின் சுடருக்குப் பக்கத்தில்தான் தட்டைத் திறப்பேன். என்னிடம் குறையில்லை. அதனால் என் மனைவி மரகதத்தைச் சந்தேகப்பட்டேன். அவளுக்கு நெஞ்சுச்சளி. ஹீட்டருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இருமுவாள்.

"ஏனுங்க, அந்தக் குரங்குக் குல்லாவக் கழட்டிக் குடுங்க, தொவச்சுப் போடறேன். ஆட்டுப்பட்டியாட்டம் நாறுது" என்றாள்.

"குல்லா இல்லாம இந்தக் குளுருல யாரு நிப்பா? நீ இருமாம இருந்தாப் போதும்" என்றேன்.

மார்கழியில் அவளை விறகுக் கொட்டகைக்கு மாற்றினேன். கம்பளி கொடுத்தேன். "உங்க காளானுக்கு வந்த வாழ்வப் பாருங்க" என்று சிரித்துக்கொண்டேதான் போனாள். ஆனால் குளிர் தாங்காமல் உள்ளே வந்துவிடுவாள். தட்டு மறுபடி பச்சையாகும். ஆகவே கொட்டகையை வெளியிலிருந்து தாழிட ஆரம்பித்தேன்.

உறைபனி விழுந்த அன்று கதவைத் தட்டினாள். எனக்குக் கேட்டது. தட்டைத் திறந்து வைத்திருந்தேன். பாதியில் எழுந்தால் காற்று புகுந்துவிடும். பிறகு தட்டுவது நின்றது. தூங்கிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். காலையில்தான் திறந்தேன்.

சளி முற்றிப் போய்விட்டாள் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். தாழ்ப்பாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கருமாதிக்கு முன் சாவுத் தீட்டு என்று வீட்டிலிருந்த துணி எல்லாவற்றையும் அவள் தங்கை வனிதா வெளுக்க அள்ளினாள். என் தலையிலிருந்த குல்லாவையும் உருவினாள். "இதுல பயிரே வெக்கலாமுங்க, மாமா" என்றாள்.

அதன்பின் போட்ட தட்டுகளில் பச்சை வரவில்லை. அந்தக் குல்லாவோடுதான் இத்தனை நாளும் தட்டுகளின் மேல் குனிந்திருக்கிறேன். பாலாடை போல வெள்ளையாகப் படர்ந்த வித்தைக் கண்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை எழுதவே கை கூசுகிறது ஐயா.

என்னைக் கூட்டிப்போக வரும் உங்கள் ஆட்கள் உள்ளறைக் கதவை மட்டும் திறந்துபோடாமல் இருந்தால் நல்லது.