மனுவின் ஓரத்தில் ஒரு வரி

— அதைத்தான் சார் நானும் கேக்குறேன். முப்பத்தஞ்சுன்னு எந்தப் புண்ணியவான் போட்டது?

— பாருங்கம்மா, ஆணையில இருக்கிறதை நான் படிச்சேன். நான் வெறும் எழுத்தர். நாப்பது மருத்துவச்சி பணியிடம், நிரந்தரம், வயசு முப்பத்தஞ்சுக்கு மேற்படக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

— அவ்வளவுதான் விஷயமா? பன்னெண்டு வருஷமா இந்த மாடிப்படி ஏறி என் முட்டி தேஞ்சு போச்சு. மொதத் தடவை வந்தப்ப அந்த ஜன்னல்ல கண்ணாடி இருந்துச்சு, இப்ப அட்டைதான் இருக்கு. அப்ப எனக்கு முப்பத்திமூணு வயசு, இப்ப நாப்பத்தஞ்சு. நீங்க ஆணை போடுற வேகத்துல எங்களுக்கு வயசானா அது எங்க தப்பா?

— அண்ணி, மெதுவா. பக்கத்து மேஜையில எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க.

— பாக்கட்டும். அவங்க வீட்டுலயும் யாராவது பிள்ளை பெத்திருப்பாங்க. உனக்கென்ன, முப்பது வயசு, நீ தப்பிச்சே. உங்கண்ணனைக் கட்டிக்கிட்ட பாவத்துக்கு உன்னை இந்தத் தொழிலுக்கு இழுத்துட்டு வந்தேன். இப்ப நாத்தனாருக்கு வேலை, எனக்குப் பட்டை நாமம்.

— நான் வேலைக்காகவா வந்து நிக்கிறேன்? சங்கத்துச் செயலாளரா வந்திருக்கேன். தலைவி நீங்களே இப்படிப் பேசினா எப்படி? சார், எங்க சங்கத்துல அறுபத்திரண்டு பேர். முப்பத்தஞ்சுக்குள்ள இருக்கிறது பதினோரு பேர்தான். மிச்ச இருபத்தொம்பது இடத்துக்கு ஆளை எங்கேருந்து கொண்டு வருவீங்க?

— காலியா இருக்கும். மூணு வருஷம் காலியா இருந்தா பணியிடம் ரத்தாயிடும். விதின்னு ஒண்ணு இருக்குல்ல.

— நீ இருடி, என் வாயில நல்லா வருது. இந்தாங்க சார், என் ஆஸ்பத்திரி அடையாள அட்டை. என்ன போட்டிருக்குன்னு நீங்களே படிங்க.

— 'உதவியாள், பொது.'

— பொதுவாம். நேத்து காலையில ஒரு குழந்தை கழுத்துல கொடியைச் சுத்திக்கிட்டு வந்துச்சு. டாக்டர் வந்து சேர இருபது நிமிஷம். கொடியை எடுத்து விட்டது யாரு, பொதுவா? இதாவது பரவாயில்ல. எங்க பெரியக்காவுக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ், அவங்க அட்டையில 'துப்புரவு'ன்னு போட்டிருக்கு. அதை மாத்தணும்னுதான் அவங்க சங்கத்தையே ஆரம்பிச்சாங்க.

— யாரும்மா அது பெரியக்கா?

— வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்களே சார், நரைச்ச முடி, மடியில அண்ணியோட பை. எங்க மொதத் தலைவி அவங்கதான். ரெண்டு பேருக்கு மேல உள்ள விடமாட்டேன்னு உங்க காவலாளி சொல்லிட்டாரு. ஒவ்வொரு தடவையும் எங்க கூட வருவாங்க, அந்த பெஞ்சோட திரும்பிப் போவாங்க. அம்பத்தாறு வயசு அவங்களுக்கு.

— சரிம்மா. ஆனா நீங்க என்னைத் திட்டுறதுல அர்த்தமே இல்ல. இந்த வயசு வரம்பு எங்க துறை போட்டது இல்ல.

— பின்ன வானத்துலேருந்து விழுந்துச்சா?

— உங்க சங்கம் கேட்டது. இருங்க, கோப்புக் கட்டைப் பிரிக்கிறேன். தூசி, கொஞ்சம் தள்ளிக்கங்க. இந்தாங்க, பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க கொடுத்த மொத மனு. நாலாவது பத்தி. அதை அப்படியே எடுத்துத்தான் ஆணையாப் போட்டிருக்கோம். நாங்களா ஒரு புள்ளி கூடச் சேர்க்கலை.

— என்ன சார் விளையாடுறீங்களா? எந்தச் சங்கமாவது தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குமா? இப்படிக் கொடுங்க, அண்ணி இருங்க, நான் படிக்கிறேன். டைப் அடிச்ச மனு. நாலாவது பத்தி... பயிற்சிச் சான்று, அனுபவம்... வயசே இதுல இல்லையே.

— ஓரத்துல பாருங்க. பச்சை மையில, கையால எழுதியிருக்கும்.

— 'வயது முப்பத்தைந்துக்கு மேற்படாதவராக.' அட, கீழ கையெழுத்து பெரியக்காவோடது. அண்ணி, பாத்தீங்களா இந்தக் கூத்தை?

— ம்.

— என்ன ம்? அவங்க கையெழுத்து போட்ட மனுவுல அவங்களுக்குத் தெரியாமலா இது வந்திருக்கும்? எங்க எல்லார் வயித்துலயும் அடிச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வெளிய உக்காந்திருக்காங்க. இருங்க, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்.

— நீ உக்காரு.

— கையை விடுங்க அண்ணி. இதையெல்லாம் சும்மா விடக் கூடாது.

— உக்காருடி. அது என் எழுத்து.

— என்ன சொல்றீங்க?

— அப்ப நான்தான் செயலாளர். அவங்க கையெழுத்து போட்டு, கொண்டு போய்ச் சேர்த்துட்டு வாம்மான்னு என் கையில கொடுத்தாங்க. கீழ அந்த மாடிப்படியில நின்னு எழுதினேன். பத்து இடம்தான் தருவாங்கன்னு ஒரு பேச்சு இருந்துச்சு. சீனியாரிட்டி பாத்தா அவங்க வயசுக்காரங்களே எல்லாத்தையும் எடுத்துப்பாங்க, என் முறை வராதுன்னு தோணுச்சு. ரெண்டு மாசத்துல ஆணை வந்துடும்னு நெனச்சேன். அப்புறம் மறந்தே போச்சு. சத்தியமா மறந்துட்டேன்.

— பன்னெண்டு வருஷமா அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு இந்தப் படி ஏறியிருக்கீங்க அண்ணி.

— ஏறினேன். இப்பத் திட்டு. காவலாளிக்குக் கேக்கிற மாதிரி நல்லாத் திட்டு.

— திட்டினா மட்டும் அந்த வரி அழிஞ்சுடுமா?

— அம்மா, உங்க குடும்பச் சண்டையை அப்புறம் வச்சுக்கங்க, எனக்குச் சாப்பாட்டு நேரம் ஆகுது. வயசைத் தளர்த்த ஒரு வழி இருக்கு. வரம்பைக் கேட்டது நாங்கதான், தப்பாக் கேட்டுட்டோம்னு சங்கம் எழுதிக் கொடுக்கணும். கையால சேர்த்த வரிங்கிறதால, எழுதினவங்களே கையெழுத்து போடணும். நகல் எல்லா உறுப்பினருக்கும் போகும்.

— எல்லாருக்குமா சார்?

— எல்லாருக்கும். விதின்னு ஒண்ணு இருக்குல்ல.

— அண்ணி, யோசிச்சுக்கங்க. பெரியக்கா வீட்டுக்கும் போகும்.

— கண்ணாடி போட்டாலும் அவங்களால இப்பப் படிக்க முடியறதில்ல. எங்கிட்டதான் கொண்டு வந்து நீட்டுவாங்க. நான்தான் படிச்சுக் காட்டணும். பேப்பர் கொடுங்க சார்.

— எந்த வயசு வரைக்கும்னு ஒரு எண் போடணும். யோசிச்சுப் போடுங்க, ஒரே தடவைதான் கேக்கலாம். நாப்பத்தஞ்சுன்னா எங்க இயக்குநரே கையெழுத்து போட்டுடுவாரு, இந்த மாசமே வேலை. அதுக்கு மேல ஒரு வயசு கூடினாலும் மேலிடத்துக்குப் போகணும். ஒரு வருஷம் இழுக்கும்.

— அண்ணிக்கு நாப்பத்தஞ்சுதான் சார். அடுத்த மாசம் நாப்பத்தாறு.

— அப்பக் கணக்காப் போச்சு. யாராவது விட்டுப் போவாங்களா?

— ஒம்பது பேர் போவாங்க. பெரியக்காவைச் சேர்த்து.

— ஒம்பது பேர்தானே. நாப்பத்தஞ்சுன்னு போட்டுக்கங்கம்மா, உங்க அலைச்சல் இன்னையோட தீர்ந்தது.

— அம்பத்தெட்டு சார்.

— அம்பத்தெட்டா? உங்களுக்கு எதுக்கும்மா அம்பத்தெட்டு? அவங்களுக்கே அம்பத்தாறுன்னுதானே சொன்னீங்க?

— அம்பத்தாறு அவங்களுக்கு. மேல ரெண்டு உங்க ஆபீஸ் இழுக்கிற இழுப்புக்கு. நீ எழுந்து போய் அவங்களை உள்ள கூட்டிட்டு வா. காவலாளி கேட்டா, உனக்குப் பதிலா அவங்க வர்றாங்கன்னு சொல்லு. நான் எழுதும்போது பக்கத்துல இருக்கட்டும், வாசிச்சுக் காட்டுறேன், இந்தத் தடவையாவது என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சு என் கையெழுத்துக்குக் கீழ அவங்களும் போடட்டும்.