எங்க கை

ஆரோக்கியராஜ்: என்னம்மா இது, பீச்சாங்கையில டீயை நீட்டுறே? கம்பெனியிலருந்து வந்த ஆளுக்கு இதான் மரியாதையா?

சுமித்ரா: வாங்கிக்கோங்க சார். அத்தாயி, நீ உள்ள போய் கடை வேலையப் பாரு கண்ணு... மலையடிவாரம் காரவள்ளியிலிருந்து அத்தனை வளைவும் ஏறி வந்திருக்கீங்க, ஆறிப்போறதுக்குள்ள குடிங்க.

ஆரோக்கியராஜ்: வளைவு கூட நேராயிரும் போல, நீங்கதான் வர மாட்டேங்கிறீங்க. இந்தக் கடையோட பிரான்சைஸ் உங்க தங்கச்சி மோனிஷா பேருக்கு மாறணும்னா, விடுதலைப் பத்திரத்துல நீங்க கையெழுத்துப் போட்டே ஆகணும்.

சுமித்ரா: போட மாட்டேன்னு எப்பங்க சொன்னேன்? புரிஞ்சு போடறேன்னுதான் சொன்னேன். கம்பெனி மேல எந்தக் கோரிக்கையும் இல்லைன்னு இருக்குதே...

ஆரோக்கியராஜ்: எல்லா ஊர்லயும் அதே வாசகம்தான். கடை கை மாறும்போது பழைய வம்பு வழக்கு எதுவும் தொங்கக் கூடாது.

சுமித்ரா: டீ பாய்லரு வெடிச்சதும் அதுல சேந்துதுங்களா?

ஆரோக்கியராஜ்: அதுக்குத்தான் கம்பெனி வருத்தம் சொல்லியாச்சே... கை இப்ப எப்படி இருக்கு?

சுமித்ரா: எங்க கைங்களா? வெரலு இன்னும் மடங்கலீங்க.

ஆரோக்கியராஜ்: வந்ததுலருந்து சால்வைக்குள்ளயே வெச்சிருக்கீங்களே, பார்த்தேன். மனசுல வெச்சுக்காதீங்கம்மா.

சுமித்ரா: வேற கடையில இந்தப் பாய்லரு வெடிச்சுதுங்களா?

ஆரோக்கியராஜ்: அதெல்லாம்... எனக்குத் தெரியாது.

சுமித்ரா: சரிங்க. இதுல விட்டுக் குடுக்கறது யாரு?

ஆரோக்கியராஜ்: நீங்க. 'உரிமம் பெற்றவர்'னு போட்டிருக்கில்ல?

சுமித்ரா: எங்க ஊட்டுக்காரரு? கடையில வேலை செய்யறவங்க?

ஆரோக்கியராஜ்: அட, நீங்க ஒருத்தர்தாம்மா. ஊரையே எழுதி வாங்கவா வந்தேன்?

சுமித்ரா: அப்ப 'சுமித்ராவோட கோரிக்கை மட்டும்'னு அடியில ஒரு வரி எழுதி, நீங்களும் கையெழுத்துப் போடுங்க.

ஆரோக்கியராஜ்: விடாக்கண்டர்ம்மா நீங்க... இந்தாங்க, எழுதியாச்சு. திருப்திதானே?

சுமித்ரா: பேனாவக் குடுங்க... ம், புடிங்க.

ஆரோக்கியராஜ்: அப்பாடா! மோனிஷாகிட்ட சொல்லுங்க, புது பாய்லர் வந்துரும். அந்த மாடலையே கம்பெனி நிறுத்திட்டாங்க. கீழ ரெண்டு கடையில இதே மாதிரி ஆயி...

சுமித்ரா: எங்க கடையில வெடிக்கறதுக்கு முன்னாலீங்களா?

ஆரோக்கியராஜ்: முன்னாலதான். இனி பேசி என்ன, முடிஞ்சு போச்சு... ஆமா, சோத்தாங்கையிலயே இவ்வளவு சரளமாப் போட்டீங்க? வெந்தது அந்தக் கைன்னுதானே போன்ல சொன்னீங்க?

சுமித்ரா: எங்க கைன்னு சொன்னேங்க. எங்க ஊடு, எங்க கடைங்கறாப்பல. என்னோட கைன்னு எப்பங்க சொன்னேன்? அத்தாயி, சார் சொன்னதக் கேட்டியா கண்ணு?

அத்தாயி: கேட்டேங்க்கா... பீச்சாங்கையில டீ குடுத்ததுக்குக் கோவிச்சுக்காதீங்க சார். சோத்தாங்கையில இன்னும் டம்ளர் புடிக்க முடியலீங்க. நாமக்கல்லுல வக்கீலப் பாத்துட்டு வந்துட்டேன். கோரிக்கை இல்லைன்னு எழுதிக் குடுத்தது அக்கா மட்டுந்தானுங்க... நான் ஒண்ணும் விட்டுக் குடுக்கலீங்களே.